பூரணிக்கு ஒரு பரண்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி ஒன்றைப் பிடித்தால் இலேசில் விடமாட்டாள். ஒருமுறை தன் கொழுந்துக்கு எடை குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தை விட்டு நகராமல் நின்றாள். மழை கொட்டியது, கங்காணி கெஞ்சினார். மறுபடி எடை போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாள். அப்பேர்ப்பட்டவளை நாற்பத்தேழு வயதில் ஒரு பூனை ஆட்டிப்படைத்தது.

பூனையின் பெயர் பூரணி. சுவரொட்டிய வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் குடியிருந்த காம்பராவில் அடுப்புக்கு மேலே இருந்த விறகுப் பரணில் பிறந்து, அங்கேயே தூங்கி, அங்கிருந்தே எல்லாரையும் அதிகாரம் பண்ணி வளர்ந்தது. போன மாதம் விஜயலெட்சுமிக்குத் தனிவீடு கிடைத்தது. பூனை பழைய இடத்துக்கு ஓடிவிடக் கூடாதே என்று, எல்லாரும் செய்வதுபோல, அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, திசை தெரியாதபடி மூன்று சுற்றுச் சுற்றி, புது வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் பால் காய்ச்சு. உள்ளே சாம்பிராணிப் புகை, பெயின்ட் நெடி. வெளியே வெடி, ஸ்பீக்கரில் சாமி பாட்டு. தள்ளாடிக்கொண்டே கட்டிலுக்கடியில் போன பூரணி வெளியே வரவில்லை.

அதன்பிறகு ஆள் இருக்கும்போது சோற்றைத் தொடவில்லை. வயிற்று மயிரை நக்கி நக்கியே மொட்டையாக்கிக்கொண்டது. புது மெத்தையில் இரண்டு தடவை மூத்திரம் பெய்தது. விஜயலெட்சுமி விளக்குமாற்றை எடுத்து விரட்டினாள். மூன்றாம் தடவையும் பெய்தது. அவள் புருஷன் அழகருக்குப் பொறுமை போய்விட்டது.

“இது திமிரு புடிச்ச பூனை. வர்ற ஞாயித்துக்கெழம ஹாலிஎல சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துடுறேன்.”

“அதுவரைக்கும் பொறுங்க. நான் சரிபண்றேன்.”

“சரியாகாட்டி?”

“ஆகும்ங்க.”

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. பூரணியைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, பஸ் ஏறிப் பதுளையில் மிருக வைத்தியர் நிஷாந்தினியிடம் போனாள்.

“ஒடம்புல ஒரு நோயும் இல்லம்மா. இது பயம்,” என்றார் டொக்டர். “வீட்ல என்ன மாறிச்சு?”

விஜயலெட்சுமி சாக்கிலிருந்து தொடங்கினாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. விளக்குமாற்றைப் பற்றிச் சொல்லும்போது டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் அவள் கையால் நடந்தவைதானே. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

“அடிச்சா பயம் இன்னும் கூடும். அதோட வாசம் உள்ள பழைய சாமான் ஏதாச்சும் குடுங்க. ஒசரமா ஒரு எடம் குடுங்க. தானா வரட்டும், இழுக்காதீங்க.”

மறுநாள் வேலை முடிந்து கொழுந்து மலையிலிருந்து இறங்கியதும் நேரே பழைய லயத்துக்கு நடந்தாள். பரண் பலகையும் பூரணி படுத்த கிழிந்த கம்பளியும் அங்கேதான் கிடந்தன. புது வீட்டுக்குப் பழசு ஆகாது என்று அவளேதான் விட்டு வந்திருந்தாள்.

காம்பரா வாசற்படியில் அழகர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தட்டினார்.

“இங்க என்னங்க பண்றீங்க?”

அழகர் எதையெதையோ சொல்லப் பார்த்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார். “அந்த வீட்ல இருக்க முடியல புள்ள. பக்கத்துல ஒரு இருமல் சத்தம்கூட கேக்கல. வேலை முடிஞ்சா காலு தானா இங்க வந்துருது.”

“எத்தன நாளா?”

“குடிபோன நாள்ல இருந்து.”

விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப சந்தையில விடுறதுன்னா ஒங்களையும் சேத்துத்தான் விடணும்,” என்றாள். “பலகைய எடுங்க.”

புது வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்கத்து ஜன்னலுக்கு மேலே அழகரே பலகையை அடித்துக் கொடுத்தார். கம்பளியைத் துவைக்காமல் அப்படியே விரித்தாள். ஏறி இறங்க ஒரு பெட்டி, மூலையில் அது ஒதுங்க மண் நிரப்பிய தட்டு, தினமும் ஒரே நேரத்தில் சோறு. பார்க்க வந்தவர்கள் பூனைக்கு மாடி வீடா என்று சிரித்தார்கள். “ஆமா. சிரிக்கிறதுன்னா வெளியில போய் சிரிங்க,” என்றாள்.

வியாழக்கிழமை கம்பளியில் புது மயிர் ஒட்டியிருந்தது. சனிக்கிழமையோ மெத்தை மறுபடி நனைந்தது. விஜயலெட்சுமி விளக்குமாற்றைத் தொடாமல் விரிப்பை அலசிப் போட்டாள்.

ஞாயிறு காலை இருவரும் குசினித் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். சந்தைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. மேலே பலகை கிரீச்சென்றது. பூரணி பெட்டியில் கால் வைத்து இறங்கி, இருவருக்கும் நடுவே நடந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நெத்தலிச் சோற்றைத் தின்னத் தொடங்கியது.

“அசையாதீங்க,” என்று விஜயலெட்சுமி உதட்டால் மட்டும் சொன்னாள்.

அழகருக்குக் கால் மரத்துப்போனது. தேத்தண்ணி ஆறியது. பூரணி தட்டைக் காலி பண்ணிவிட்டு, நட்டநடுத் தரையில் உட்கார்ந்து ஆறஅமர முகம் கழுவிற்று.

லயத்தை விட்டு வரும்போதுகூட அழாத விஜயலெட்சுமிக்கு இப்போது கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

“சத்தமில்லாம அழு புள்ள,” என்றார் அழகர், மெதுவாக. “அது பயந்துரும்.”