கைப்பேச்சை நிறுத்திய விளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், பாப்பாரப்பட்டி சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. நான் தர்மபுரியில் எலக்ட்ரீஷியன். அந்த வீட்டுக்காரர் தையல்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மனைவிக்குக் கேட்கும். இருவரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி வெளிச்சம் கூசியதால், கூடத்து எல்இடி பல்புகளின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு டிம்மர் மாட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாளே அவர் மனைவி போன் செய்தார். “லைட்டு துடிக்குதுங்க. வந்து பாருங்க.”

பகலில் போய் டிம்மரை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்தது. வீட்டுக்காரர் என் எதிரில் நின்று கையால் என்னவோ காட்டினார். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மனைவியிடம், “லைன்ல வோல்டேஜ் ஏறி எறங்குதுங்கக்கா” என்று சொல்லி, பேருக்குப் பல்புகளை மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போன். “சாயங்காலமா வந்து கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. என் கை ஆடுறது துண்டு துண்டா தெரியுதுன்னு கண்ணை மூடிக்கிறாருங்க. வூட்ல பேச்சே நின்னு போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. அன்றே போனேன். அவர் என்னைச் சுவரருகே கூட்டிப்போனார். டிம்மர் குமிழுக்குப் பக்கத்தில் அவர் போட்டிருந்த மெல்லிய பென்சில் கோடு. அதுவரை குறைத்தால் வெளிச்சம் நிலையாக இருந்தது. அதற்குக் கீழே போனதும் படபடத்தது. என் போனை வாங்கி, கேமராவைப் பல்புக்கு நேரே பிடித்தார். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடின.

“போன தடவை வந்தப்பவே இதைத்தாங்க கையால காட்டினாரு” என்றார் மனைவி. குரலில் கோபமே இல்லை.

தப்பு என்னுடையது. கையில் இருந்த, குண்டு பல்புக்கான பழைய டிம்மரை மாட்டியிருந்தேன். நான்கு எல்இடி பல்பும் சேர்ந்து ஒரு குண்டு பல்பு அளவுக்குக்கூட மின்சாரம் இழுக்காது; அந்த அளவு இழுத்தால்தான் அந்த டிம்மர் சீராக ஓடும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்தால் பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் விட்டுவிட்டு வேலை செய்தது.

மறுநாள் மாலை எல்இடிக்கான டிம்மர் வாங்கிப் போனேன். வெளிச்சம் எதுவரை குறையலாம் என்று வைக்க அதில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. நான் அதைத் திருக, அவர் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டைகள் மறைந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது திரும்பினேன். அவர் கைகள் ஓயவே இல்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்ன சொல்றாருங்க?”

“ஒன்னுமில்லீங்க. இத்தனை நாளா சேத்து வச்சதையெல்லாம் இப்பவே சொல்றாரு. உங்களுக்குக் காபி போடக்கூட என்னை வுடமாட்டேங்கிறாரு.”

இப்போதெல்லாம் கோளாறு என்று யார் கூப்பிட்டாலும், டெஸ்டரைக் கையில் எடுக்கும் முன் அவர்கள் என்ன காட்டுகிறார்கள் என்று நின்று பார்க்கிறேன். அந்த நிதானத்தை எனக்குக் கொடுத்தவை ஓயாமல் பேசிய அந்தக் கைகள்தான்.