மடையை அடைத்தவர் வாயைத் திறந்தார்

இன்று காலை நம் பாகூர் சமாதான சபைக்குத் துரைசாமி வந்தார். மேல்வயல்காரர் வாய்க்காலை அடைத்துவிட்டாராம், நாற்று கருகுகிறதாம்.

கன்னியர் மடத்தில் எழுத்துப் படித்தவள் என்பதால் புகார் நோட்டு என்னிடம் இருக்கிறது. சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறர்மேல் குறை சொல்பவர், அதே காரியத்தில் தான் செய்த தவறை முதலில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும்.

"நான் இன்னாம்மா செஞ்சேன்? ஒண்ணும் இல்லியே."

"யோசிச்சுப் பாருங்க. எனக்கு அவசரம் இல்ல," என்று பேனாவைக் கீழே வைத்தேன்.

வெயில் ஏறியது. அவருடைய நாற்றுக்குத்தான் அவசரம்.

கடைசியில் முனகினார்: "உங்க வூட்டுக்காரர் செத்த வருஷம் உங்க மடைய அடைச்சேன்."

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

மறுபடி சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுபா," என்றாள் கடைசி வரிசையில் ஒருத்தி. மூன்றாம் முறையும் சொன்னார்.

எழுதி முடித்ததும், பிழை இருக்கிறதா பாருங்கள் என்று நோட்டை நீட்டி, அவரையே உரக்கப் படிக்க வைத்தேன். மதியத்துக்குள் வாய்க்காலைத் திறக்கச் சபை சொல்லிவிட்டது.

"அவரை மன்னித்துவிட்டீர்களா?" என்று சபையில் இருந்த பாதிரியார் என்னைக் கேட்டார். அவருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதே, அது போதாதா என்றேன்.

அந்த வருஷம் என் பயிர் முழுவதும் காய்ந்தது. நீங்களாக இருந்தால் நான்கு முறையோடு விட்டிருப்பீர்களா?