சின்ன டிராக்டரும் மூன்று மீட்டர் பாதையும்

ஜனவரி 6: டிராக்டர் முன்பணம், 50,000.
பிப்ரவரி 11: ஆம்புலன்ஸ், பாதி வழி வரை, 1,800.
பிப்ரவரி 13: அடக்கச் செலவு, 22,400.
மார்ச் 9: நகராட்சி நோட்டீஸின் நகல், 50.
ஏப்ரல் 4: டிராக்டர், மீதித் தொகை, 6,10,000.

முதல் தொகையைக் கட்டியவர் பள்ளி பஸ் ஓட்டிய டிரைவர். கடைசித் தொகையைக் கட்டியவள் அவர் மனைவி. பள்ளிச் சீருடை தைப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா.

அவர்கள் வீடு மேட்டின் உச்சியில் தனியாக இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கு மண்பாதை ஒன்று உண்டு. ஏறும்போது இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் சரிவு. மண்சுவரை ஒட்டியிருந்த வடிகால் தூர்ந்துபோன பிறகு மழைத் தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடி, சரிவுப் பக்க விளிம்பை வருடா வருடம் கரைத்துக்கொண்டே வந்தது. மூன்று மீட்டராக இருந்த பாதை, வளைவில் மட்டும் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. டிரைவர் ஒவ்வொரு மழைக்கும் மண்வெட்டியோடு மல்லுக்கட்டிப் பார்த்து, கடைசியில் முன்னால் மண் அள்ளும் லோடரும் பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோவும் வைத்த டிராக்டர் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தார்.

வாங்குவதற்குள் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க, பின்னால் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இவள் நடந்தாள். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அழவில்லை. வந்தவர்கள் முதலில் திடமான மனுஷி என்றார்கள், பிறகு அழுத்தக்காரி என்றார்கள். இரண்டுமே அவள் காதில் விழுந்தன. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி விரலில் பட்டபோது, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கையை வைத்து நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. அவசர ஊர்தி செல்ல மூன்று மீட்டர் அகலப் பாதை ஜூன் 30க்குள் இருக்க வேண்டும், இல்லையேல் வீடு குடியிருக்கத் தகுதியற்றதாக அறிவிக்கப்படும். வாடகைக்குத் தோண்டும் இயந்திரம் வைத்திருப்பவர் வந்து வளைவைப் பார்த்தார். "என் வண்டி இதுல ஏறினா இறங்காதும்மா, உருளும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டைல்ஸ் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வந்தார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

"அண்ணி, பேசாம இதை வித்துட்டு எங்க மாடிக்கு வந்துடுங்க. சும்மாதான் கெடக்கு."

"என் தையல் மெஷினை எங்க போடுறது?"

"ஒரு மூலை இல்லாமலா போயிடும்?"

"மூலையில வெளிச்சம் பத்தாது, தம்பி."

"அடேங்கப்பா, வெளிச்சத்துக்காகவா மலை மேல ஒத்தையில உக்காரப் போறீங்க?"

இந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் ஆசையாகத் தெரியவில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிவதுபோலத் தெரிந்தது.

இருவருமாக டிராக்டர் கடைக்குப் போனார்கள். டிரைவர் முன்பணம் கட்டிய பெரிய வண்டி வாசலிலேயே நின்றது. நாற்பது ஹெச்பி. பக்கத்தில் இருபத்தைந்து ஹெச்பி சின்ன வண்டி. விற்பனையாளர் பெரியதன் பெருமைகளை மூச்சுவிடாமல் அடுக்கினார். சாரின் ஆசையை நிறைவேற்றுவது நம் கடமை என்றும் சொன்னார். சாரை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை.

தையல்காரம்மா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"என்ன மேடம், வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"துணி பத்துமான்னு பாக்கறேன் தம்பி."

பெரிய வண்டியின் அகலம் ஒரு மீட்டர் அறுபத்தைந்து. வளைவில் தாராளமாகப் போகும். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார் கொழுந்தன். விற்பனையாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நாடாவைச் சுருட்டும்போது முப்பது வருடப் பழக்கம் வாயில் வந்தது. நிற்கிற உடம்பை மட்டும் அளந்து அவள் எதையும் வெட்டியதில்லை. அக்குளில் பிடிக்கும், முதுகில் இழுக்கும்.

"கையைத் தூக்கச் சொல்லுங்க" என்றாள்.

"யாரை மேடம்?"

"வண்டியைத்தான். வேலை செய்யறப்ப எப்படி நிக்குமோ அப்படி நிக்கச் சொல்லுங்க."

விற்பனையாளர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் கூரையைப் பார்த்தார். உள்ளே இருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் 'ஸ்பானர்' என்று கூப்பிடும் ஒல்லியான மனிதர் அவர். பின்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒரு நெம்புகோலை அசைத்தார். பேக்ஹோவின் இரண்டு பக்கமும் மடங்கியிருந்த தாங்குகால்கள் விரிந்து தரையில் ஊன்றின. அவை ஊன்றாமல் தோண்டினால் வண்டி ஆடும், சாயும்.

ஒரு பாத நுனியிலிருந்து மறு பாத நுனி வரை அளந்தாள். இரண்டு மீட்டர் அறுபது. வளைவில் இதை நிறுத்தினால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். சின்ன வண்டியையும் விரிக்கச் சொன்னாள். ஒன்று தொண்ணூறு.

"இதுவே போதும்" என்றாள்.

"அண்ணி, இது டிராக்டரா, டிராக்டர் போட்ட குட்டியா?"

"குட்டிதான்."

கொழுந்தனின் குரல் இறங்கியது. "அண்ணன் ஆசைப்பட்டது பெருசு. முன்பணம் கட்டின அன்னிக்கு அரை மணி நேரம் என்கிட்ட அதைப் பத்தியே பேசினார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவர் அளவு எடுக்கல தம்பி."

சொன்ன பிறகு, இதற்காவது நெஞ்சில் ஏதாவது உறுத்தும் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். ஒன்றும் உறுத்தவில்லை. ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வளைவுல பாறை கீறை இருக்காம்மா?"

"மண்சுவர்ப் பக்கம் இருக்கு."

"அப்ப இப்பவே சொல்லிடறேன். பெருசுன்னா பேத்துடும். இது பல்லைத்தான் உடைச்சுக்கும். இன்னொண்ணு, முன்னால பாரம் தூக்கறப்ப பின்னால பேக்ஹோவைக் கழட்டிடாதீங்க. அந்த எடை இல்லேன்னா வண்டி குப்புற விழுந்துடும்."

அவள் சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள். பெரியதற்குக் கட்டிய முன்பணத்தைச் சின்னதற்கு மாற்றிக்கொடுத்தார்கள்.

மூன்று நாள் ஸ்பானர் வந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு நெம்புகோலையும் ஒன்றாக அசைத்தால்தான் தோண்டும் கை வளைந்து கொடுக்கும். தையல் மெஷினில் கையும் காலும் ஒன்றாக ஓடிப் பழகியவளுக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. காலையில் வடிகால் தோண்டினாள், மதியத்துக்கு மேல் சீருடை தைத்தாள். ஆம்புலன்ஸ் நின்ற இடத்தையும் மற்ற இடத்தைப் போலவே தோண்டி முடித்து, வண்டியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

வளைவுக்கு வந்தபோது பாறை குறுக்கே நின்றது. தோண்டும் பக்கெட்டின் இரும்புப் பல் ஒன்று உடைந்தது, ஸ்பானர் சொன்னபடியே. உள்பக்கம் அகலப்படுத்த முடியாது என்றானதும் அவள் வெளிப்பக்கம் திரும்பினாள். சரிவில் கீழேயிருந்து கல் அடுக்கி, லோடரால் ஜல்லியும் மண்ணும் கொட்டி, வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினாள். சின்ன பக்கெட், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொள்ளும். பெரிய வண்டி ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை அவளுக்கு ஆறு வாரம் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் வந்து கல் பொறுக்கிக் கொடுத்தார். "குட்டி நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா ஸ்பூன்ல சாப்பிடுது" என்றார்.

ஜூன் 28 அன்று நகராட்சிப் பொறியாளர் வந்து அளந்தார். வளைவில் மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். அவர் முகம் மலரவில்லை. வெளி விளிம்பில் குதிகாலால் இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

"அளவு சரிம்மா. ஆனா இது கொட்டின மண்ணு. நல்லா ஒரு மழை பாக்காம நான் எழுதிக் கொடுக்க முடியாது. அதுவரைக்கும் கெடுவைத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

"மழை எப்ப வரும்?"

"அது எங்க ஆபீஸ் கையில இல்லையே."

பாதையைத் தின்ற மழைக்காகவே காத்திருக்க வேண்டியதாயிற்று. அது ஜூலை கடைசியில் வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வடிகாலில் செந்தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. பாதையின் குறுக்கே ஒரு சொட்டு இல்லை. வளைவில் நாடாவைப் போட்டாள். மூன்று மீட்டர் இரண்டு சென்டிமீட்டர். மண் கொஞ்சம் அமுங்கி, விளிம்பில் மூன்று சென்டிமீட்டர் போயிருந்தது. கல் அசையவில்லை.

சந்தோஷம் வரும் என்று அங்கேயே சற்று நேரம் நின்றாள். வரவில்லை. குடையின் ஒரு கம்பி வளைந்திருப்பது கண்ணில் பட்டது. அதை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறி வந்து, கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

"நிக்குதா அண்ணி?"

"நிக்குது."

"அப்ப நீங்க எங்க மாடிக்கு வரப் போறதில்ல."

"இல்ல தம்பி."

"சரி, விடுங்க" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். இவள் அவர் முடிக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பொறியாளர் மறுபடி வந்து பார்த்து, எழுதிக்கொண்டு போனார். மேற்படி வீடு குடியிருக்கத் தகுதியுள்ளது, முந்தைய நோட்டீஸ் ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டே வரியில் நகராட்சியின் கடைசிக் கடிதம் வந்தது. சீருடை வேலை குவிந்திருந்ததால், தைத்துக்கொண்டிருந்த காலரை முடித்த பிறகுதான் அதைப் பிரித்தாள். வந்த தேதி, ஆகஸ்ட் 21.