தரையில் ஏழு புள்ளிகள்

விளையாட்டுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற அந்த அம்மாளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. தினமும் பூட்டைத் திறக்கும் முன் கண்ணை மூடி, இன்றைக்கு என்னால் யார் மனசும் நோகக் கூடாது ஆண்டவனே என்று வேண்டிக்கொள்வாள். அன்றைக்கும் அப்படி வேண்டிக்கொண்டுதான் திறந்தாள்.

பதினெட்டு வருஷமாக அவள் துடைக்கிற மரத்தரை. போன வாரம்தான் ஆட்கள் வந்து புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள்; முகம் பார்த்துத் தலை வாரலாம். ஸ்பைக்ஸ் என்கிற முள் வைத்த ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது, மீறினால் அடுத்த போட்டி கிடையாது என்று வாசலில் பலகை தொங்கியது. அதற்கும் தூசி தட்டுகிறவள் அவள்தான்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் கிடந்தது. நூறு மீட்டர் ஓடுகிற பெண்ணுடையது. ஆள் வெடவெடவென்று இருப்பாள், குருவி என்று கூப்பிடுவார்கள். ஓரமாக எடுத்து வைக்கத்தான் அக்கா குனிந்தாள். கையில் எடுத்தால் கனமே இல்லை. அடியில் முன்பாதத்தில் மட்டும் ஏழு இரும்பு முள். குதிகால் பக்கம் மொட்டை. தன் காலோடு வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஓடி முதலில் வந்தவள் அவள். அதற்கப்புறம் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியிருக்கிறாள்.

ஷூவை மாட்டிக்கொண்டாள். ஓடிப் பார்க்க மைதானத்துக்குப் போனால் காவலாளி பார்த்துச் சிரிப்பார். கூடத்தில் ஈ காக்கை இல்லை. அந்த வெட்கம்தான் அவளை உள்ளே தள்ளியது. நாள் முழுக்கத் தரையையே பார்த்துக் குனிந்திருப்பவளுக்கு அந்த நேரம் பார்த்துத் தரை மறந்துபோயிற்று.

ஷூ அவளை நிற்க விடவில்லை. குதிகாலை ஊன்ற முடியாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது. சாய்ந்த உடம்பு விழாமலிருக்க ஓடினாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள். மூச்சு வாங்கச் சுவரில் கை ஊன்றித் திரும்பினாள்.

தரை நெடுக, ஒவ்வொரு காலடிக்கும் ஏழு புள்ளி. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

ஈரத்துணியால் தேய்த்தாள். புள்ளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஷூவைக் கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கழிப்பறை கழுவப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் வந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்த ஷூவைப் புரட்டினால் முள்ளில் மரத்தூள். பயிற்சிக்கு வந்த குருவியை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

"பலகை கண்ணுல படலையா? சனிக்கிழமை நீ ஓட வேணாம்" என்றார் மேனேஜர்.

"நான் இல்ல சார். நேத்து சாயங்காலம் மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன், இப்பதான் வர்றேன்." குருவி சுற்றிலும் பார்த்து, கதவோரம் வாளியோடு நின்றவளைக் கண்டுபிடித்தாள். "அக்கா, நீங்கதானே கதவைத் திறந்தீங்க. அப்ப நான் இருந்தேனா? சொல்லுங்கக்கா."

அக்காவின் வாய் தன்னால் பேசியது. "நான் கவனிக்கலம்மா."

கவனிக்கவில்லையாம். கூடத்தில் ஒரு தலைமுடி விழுந்தால் கண்டுபிடிக்கிறவள்.

கேன்டீனில் டீ போடுகிறவள் அவளுடைய நாத்தனார். அக்கா அவளை அடுப்புப் பக்கம் இழுத்துப் போய் நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் முதலில் சிரித்தாள்.

"அண்ணி, இந்த வயசுல உங்களுக்கு ஓட்டப்பந்தயமா? எங்கண்ணன் துரத்துனாரா என்ன?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வாயத் திறக்காதீங்க. வேலை போயிரும். அது சின்னப் பொண்ணு, அடுத்த வருஷம் ஓடிக்கும்."

டீ ஆறிப்போனது. காலையில் வேண்டிக்கொண்ட வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு நாளைக்கு ஆண்டவனிடம் என்ன கேட்பது? எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நான்தாங்க போட்டுக்கிட்டு ஓடினேன்."

மேனேஜர் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு அழுததும் மனசு இளகிடுச்சா? நீங்க எதுக்கு ஓடப் போறீங்க?"

"ஆசைங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் காது மடல் வரைக்கும் சுட்டது.

மாஸ்டர் டேப்பை எடுத்துப் போய் கூடத்துப் புள்ளிகளுக்கு நடுவே அளந்து வந்தார். "இது குருவி எட்டி வைக்கிற தூரம் இல்ல சார். பாதிதான் வருது." அக்காவைப் பார்த்தார். "சந்தேகம் இல்லாம முடிச்சிரலாம். மண்ணுல ஒருதரம் ஓடிக் காட்டிருங்க."

நீளத்தாண்டல் குழிக்குப் பக்கத்தில் ஈரமண். பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். குருவியின் ஷூவை, குருவி பார்க்க, மறுபடி மாட்டினாள். வேலைக்குப் போடும் நீலக் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். காலையில் பறந்த மாதிரி இருந்த ஓட்டம் இப்போது தத்தித் தத்தி வந்தது. "அக்கா, பஸ் கெளம்பிருச்சு, ஓடு ஓடு" என்று ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாஸ்டர் குந்தி அளந்தார். கூடத்து அளவும் இதுவும் ஒன்றாக இருந்தன.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "பொண்ணு ஓடட்டும். நீங்க ஒரு மாசம் கழிப்பறையோட நில்லுங்க. கூடத்தை வேற ஆள் பாக்கும்." அவள் தலையை ஆட்டினாள்.

ஷூவை மண் போகத் துடைத்துக் குருவியிடம் நீட்டினாள். "மன்னிச்சிரும்மா."

குருவி வாங்கிக்கொண்டாள். கோபமாகக் கூடப் பேசவில்லை. "போட்டுப் பாத்தது பரவால்லக்கா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கவனிக்கலன்னு சொன்னீங்களே, அதான்."

மன்னிப்பை இன்னொரு தரம் கேட்கவும் கூசியது.

சனிக்கிழமை மைதானத்தில் ஒரே கூட்டம். நாத்தனார் வந்து கூப்பிட்டாள். "வாங்க அண்ணி, உங்க குருவி ஓடப் போவுது."

"எனக்கு வேலை கெடக்கு."

வேலை ஒன்றும் கிடக்கவில்லை. தொட்டி எல்லாம் காலையிலேயே கழுவியாயிற்று. வெளியே பந்தயத் துப்பாக்கி வெடித்தது, சத்தம் எழும்பி அடங்கியது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்க அவள் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடினாள். வழக்கமான வேண்டுதல் வாயில் வரவில்லை.

"அந்தப் புள்ளைய மட்டும் பாத்துக்கோ" என்றாள்.