பூட்டிய வண்டிக்கு வெளியே

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 மே மாதம், அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில் என் கணவர் சாமுவேல் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கிடைக்காமல் இல்லை. கொடுத்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை.

கடலூரில் இருந்த எங்களை மகள் கிருபாதான் அழைத்திருந்தாள். மாப்பிள்ளை ஜெபராஜ் அங்கே இன்ஜினியர். லீவு போட்டு ஒரு கேம்பர் வண்டியை வாடகைக்கு எடுத்தார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. பார்க் பார்க்காகப் போனோம். சிவப்பு மலை, கல்லாகிப்போன மரம், பழைய காலத்து ஜனங்கள் பாறை இடுக்கில் கட்டிய வீடுகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வெயிலுக்கு முன்னால் நம் ஊர் கத்திரி வெயில் எம்மாத்திரம்!

புறப்பட்ட சில நாளிலேயே வினை வந்தது. அந்தக் கக்கூஸில் போவதெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். அதை நாமேதான் காலி செய்ய வேண்டும். மாப்பிள்ளை கையுறை மாட்டி, தடித்த குழாயைச் செருகி, தரையிலிருந்த குழியில் திறந்துவிட்டார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பார்த்துக்கொண்டு நின்ற என் கணவரின் முகம் கறுத்துவிட்டது.

"எங்கப்பா கடலூர்ல எடுப்புக் கக்கூஸ் அள்ளுனாரு ரூபி. டீக்கடையில தண்ணி கேட்டா எட்ட நின்னு கையில ஊத்துவான். அந்த வேலை நம்ம குடும்பத்துல இனிமே நுழையக் கூடாதுன்னுதான் நான் படிச்சேன். இப்ப எம் மூத்தரத்த மாப்பிள்ள கொட்டுறாரு."

"இங்க எல்லாரும் அப்பிடித்தாங்க. டூரு வந்தா இதெல்லாம் இருக்கும்" என்றேன்.

"எங்கப்பா செஞ்சா அசிங்கம். இங்க செஞ்சா டூரா?"

 

அன்றிலிருந்து அவர் தண்ணீரைக் குறைத்தார். குடித்தால்தானே போக வேண்டும். மாப்பிள்ளை நீட்டும் பாட்டிலை வாங்கிக்கொள்வார், அவர் திரும்பியதும் மணலில் ஊற்றிவிடுவார். தாகத்தை அடக்குவது அவருக்குப் புதிதில்லை. சிதம்பரத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஆபீஸ் பானையில் ஒரு டம்ளர் மொண்டு குடித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் குடி என்று சொன்னதும் இல்லை. நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மாமனாரின் மூத்திரத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசுகிற வழக்கம் நம்மில் யார் வீட்டில் இருக்கிறது?

பாறை வீடுகளைப் பார்க்கப் போன அன்று பாதி ஏற்றத்திலேயே தலை சுற்றுகிறது என்றார். மகளும் மாப்பிள்ளையும் உடனே எங்களோடு இறங்கப் பார்த்தார்கள். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அவரே அனுப்பிவிட்டார். நாங்கள் இருவரும் இறங்கி வந்தோம். வண்டி பூட்டியிருந்தது. சாவியை மாப்பிள்ளையிடம் வாங்க மறந்திருந்தோம். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே தண்ணீர் கேன் தெரிந்தது. எங்கள் கையிலிருந்த பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

வண்டியின் நிழலில் அவர் அப்படியே சரிந்தார். உதடு வெடித்திருந்தது. "வந்துட்டம்பா, வந்துட்டன்" என்று இறந்துபோன தகப்பனாரோடு பேச ஆரம்பித்தார். நான் கத்தினேன். கேட்க ஆள் இல்லை. பிரசங்கத்தில் வனாந்தரம், வனாந்தரம் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதற்குள் நிற்பது வேறு.

முழங்கால் போட்டேன். தரை சுட்டது. நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "ஊர்லதான் இவுங்களுக்குத் தண்ணி குடுக்கல. இங்க வந்தும் தண்ணி இல்லாமத்தான் சாவணுமா? நீ இருக்கிறது நெசமா இருந்தா ஆள அனுப்பு!" என்று ஆண்டவரைத் திட்டினேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

லாரிச் சத்தம் கேட்டது. அது வருவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. அந்த இடத்துக் கக்கூஸ் குழியை உறிஞ்சி எடுக்க வந்த தொட்டி லாரி. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டால் இதையா அனுப்பினாய்?

ஓட்டி வந்தவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் பாட்டிலோடு ஓடி வந்தார். என் கணவரின் தலையை மடியில் தூக்கி வைத்தார். இவர் கண் திறந்து லாரியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன். திருப்பவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தார். இவர் அழுதார், கண்ணீர் வரவில்லை. உடம்பில் அதற்கும் தண்ணீர் இல்லை.

அந்த மனிதர் லாரி ரேடியோவில் பேசி ஆம்புலன்ஸை வரவழைத்தார். கிட்னி வேலை நின்றுவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். சில நாளில் கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பித்தது. ஸ்தோத்திரம். நடந்ததை நான் சொன்னதும் மாப்பிள்ளை குழந்தைபோல அழுதார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா!"

"வாய் வரலப்பா" என்றார் இவர். அன்று மாப்பிள்ளைதான் மூத்திர பாட்டிலைப் பிடித்தார். இவர் முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவர் மாறிவிட்டார். எங்கள் தெருச் சாக்கடை அள்ள வருகிறவர்களை வீட்டுக்குள் கூப்பிட்டு, நாங்கள் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார். போன மாதம் நம் சபை அம்மா ஒருவர் வந்திருந்தார். "அந்த டம்ளரத் தனியா வைக்கக் கூடாதா?" என்று என் காதில் கேட்டார். அவரும் சபையில் எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்தான். அந்தக் கசப்பு இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

ஆனாலும் ஆண்டவர் கேட்டார், என் தாலி தங்கியது. உங்களுக்கும் ஒரு வனாந்தரம் வரும். அவரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டியாவது கூப்பிடுங்கள். நிச்சயமாக ஆள் அனுப்புவார். யாரை அனுப்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். வந்தவர் தண்ணீர் நீட்டினால், வாய் வைத்துக் குடியுங்கள்.