சத்தம் இல்லாத பத்து நிமிடம்

பதினாறை எட்டால் பெருக்கினால் நூற்றிருபத்தெட்டு. இந்தக் கணக்கைப் போடும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு செத்தவீடுதான் நினைவுக்கு வரும். மருதனார்மடத்தில் ஒரு வீடியோக் கடையில் எடிற்றிங் வேலை செய்கிறேன். கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு என்று எது நடந்தாலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கவென்று இங்கே வீடியோ எடுப்பார்கள். பல வருடங்களுக்கு முன், உரும்பிராய் ஐயா ஒருவர் மனைவியின் செத்தவீட்டு வீடியோவுக்காக, சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த மறுநாளே வந்தார். மூத்த மகனைச் சண்டையில் இழந்தவர். மிஞ்சிய சின்னவன் கப்பலேறிப் போய், ஏதோ ஒரு நாட்டின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தான். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனால் வரமுடியவில்லை.

“பிள்ளை, அவன்ரை போனுக்குப் பதினாறு எம்பிக்கு மேலை போகாதாம். முழுக்க அனுப்பிவிடு” என்றார்.

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீடியோ ஒன்றரை மணித்தியாலம். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எம்பி என்பது மெகாபைற், ஒரு பைற்றுக்கு எட்டுப் பிற். பதினாறு எம்பியை எட்டால் பெருக்கினால் நூற்றிருபத்தெண்ணாயிரம் கிலோபிற். அதை மொத்தச் செக்கன்களால் பிரித்தால் ஒரு செக்கனுக்கு இருபத்துமூன்று சொச்சம்தான் கிடைக்கும். அதைத்தான் பிற்ரேற் என்போம். அவ்வளவு குறைந்தால் முகம் சதுரம் சதுரமாக உடைந்துபோகும்.

“அப்ப அவனுக்குத் தாயைத் தெரியாதோ?” என்று கேட்டார்.

நீளத்தைக் குறைத்தால் தெரியும், மூன்று நிமிடம் போதும் என்றேன். அவர் விடவில்லை. “வந்த சனத்தையும் அவன் பாக்கோணும். அம்மாவை ஊர் தனிய விடேல்லை எண்டு தெரிஞ்சால்தான் அவனுக்கு மனம் ஆறும்.” இழுபறிப்பட்டுப் பத்து நிமிடத்தில் வந்து நின்றோம்.

பத்து நிமிடம் என்றால் செக்கனுக்கு இருநூற்றுப் பதின்மூன்று. சத்தத்துக்கு அறுபத்துநாலு போனால் படத்துக்கு நூற்று நாற்பத்தொன்பது. போட்டுப் பார்த்தேன். தாயின் இமையும் கன்னமும் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தன. சத்தத்தை முழுதாக எடுத்துவிட்டுப் பார்த்தேன், முகம் தெளிந்தது. பறைமேளமும் அழுகையும்தானே, அதைக் கேட்டு அந்தப் பிள்ளை இன்னும் உடைந்துபோவானேன் என்று நானே முடிவெடுத்தேன். ஐயாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என்ன திமிர் எனக்கு!

ஐயா திரையில் பார்த்தார். சத்தம் எங்கே என்று அவரும் கேட்கவில்லை. “நல்ல வடிவாத் தெரியுது, பிள்ளை” என்று கண்ணைத் துடைத்தார். முழு வீடியோவையும் டிவிடியில் அடித்துத் தரட்டோ என்று கேட்டேன். “எனக்கேன்? நான் பாத்தனான்தானே” என்றுவிட்டுப் போனார். கடையில் எதையும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஹாட்டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அடுத்த கலியாணத்தை ஏற்றுவோம். அவருடையதையும் நான்தான் அழித்தேன்.

ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கும் சின்னவனால் வரமுடியவில்லை. விசா கிடைத்து, போன மாதம்தான் ஊருக்கு வந்தான். தலை பாதி நரைத்த மனிதன். கடைக்கு வந்து போனை நீட்டினான். அதே பத்து நிமிடம்.

“அக்கா, இதிலை அப்பா குனிஞ்சு அம்மாவின்ரை காதுக்கை என்னவோ சொல்லுறார். எத்தினை வருசமாப் பாக்கிறன், பிடிபடேல்லை. அப்பாவின்ரை குரல் எண்டு என்னட்டை ஒண்டும் இல்லை. முழுக் கொப்பி இருக்கோ?”

இல்லை என்றேன். சத்தத்தை எடுத்ததும் நான்தான், அழித்ததும் நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. இப்போது நாள் முழுக்க ஓடும் கலியாண வீடியோவையே ஒரு லிங்கில் அனுப்பிவிடுகிறேன். அறுபத்துநாலு கிலோபிற்றுக்காக இந்த மனிதனின் தகப்பனை ஊமையாக்கிவிட்டேனே, பாவி!

ஆனால் வெட்டும்போது, மேளம் ஓய்ந்த இடத்தில் ஐயா சொன்னதை ஹெட்போனில் நான் கேட்டிருந்தேன். அதையும் சொன்னேன். “‘இஞ்சேரும், சின்னவன் வந்திட்டான். கண்ணை முழிச்சுப் பாரும்’ எண்டு சொன்னவர்.”

“நான் வரேல்லையே, அக்கா” என்றான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திப் போனை எனக்கு முன்னால் வைத்தான். “அப்பா சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்கோ, அக்கா.”

சொன்னேன். என்னுடைய குரலில்தான் வந்தது.