அம்சம் வீட்டுக் காதுகுத்து

நடுக்கட்டளை அம்சத்தை ஒரு விஷயத்தை நம்பவைப்பது, மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பாடு. விதைநெல் வாங்கப் போனால் மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். கோயிலில் கொடுக்கிற திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துப் பூசுகிறவள் என்று அவளோடு நடவுக்கு வரும் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளுடைய அப்பா, பண்ணையின் காரியக்காரர் சொன்ன வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகை நிலத்தை விட்டுக்கொடுத்தவர். அப்புறம் ஜமாபந்திக்கு ஜமாபந்தி குடவாசல் தாலுகா ஆபீசுக்கு மனு தூக்கி அலைந்தே போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒருவன்தான், தம்பி துரைராசு. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவன் வளர்ந்து மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். எண்ணெய்க் கம்பெனி ஒன்று குழாய் பதிக்க வந்தபோது அந்த மூன்று மாவில் கதிர் பால் பிடித்திருந்தது. மண் வெட்டும் எந்திரம் பயிருக்குள் இறங்கியது. துரைராசு பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டான். பக்கத்து வயல்காரர் லியாகத் அலியும் படுத்தார். போலீஸ்காரர்கள் இருவரையும் கைகால் பிடித்துத் தூக்கி, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சாயங்காலம் விட்டார்கள்.

அதிலிருந்து மண்டபம் அவனுக்கு மாமியார் வீடு மாதிரி ஆயிற்று. அம்சத்தின் மகள் யாழினிக்கு மூன்று வயதில் காதுகுத்த நாள் பார்த்தார்கள். அன்று விடியும்போதே, மந்திரி வருகிறார் என்று துரைராசுவை முன்னெச்சரிக்கையாக மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா? முகூர்த்தம் தவறியது. காதுகுத்துக்கு ஒற்றைப்படை வயதுதான் ஆகும். இப்போது பிள்ளைக்கு ஐந்து நடக்கிறது. இதுவும் போனால் ஏழு வயதுப் பெண்ணைத்தான் மடியில் உட்கார்த்த வேண்டும்.

இந்த வருஷம் கம்பெனி இரண்டாவது குழாய்க்கு வந்தது. துரைராசுவை ஆர்டிஓ முன்னால் நிறுத்தி, ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று பிணை எழுதி வாங்கினார்கள். இனி ஏதாவது கூட்டத்தில் அவன் தலை தெரிந்தால் மிச்ச காலம் ஜெயிலில். அதோடு மாவட்டம் முழுக்க ஒரு உத்தரவும் வந்தது. அனுமதி இல்லாமல் கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் எதுவும் கூடாது. பதினைந்து நாளைக்குத்தான் என்றார்கள். முடிகிற அன்றைக்கு இன்னொரு பதினைந்து நாள். நாற்று விட்டு, நட்டு, அறுத்து ஒரு போகமே போய்விட்டது. உத்தரவு போகவில்லை. அம்சத்தின் நடவுக் கொத்தில் இருந்த பெண்கள் விடிகாலையில் வேலைக்குப் போனால்கூட ஏட்டு தியாகு மொபெட்டை நிறுத்தி, "கும்பலா போகாதீங்கம்மா, நாலு நாலு பேரா போங்க" என்பார்.

"நாங்க நாலு நாலு பேரா போனா நாத்தும் நாலு நாலா வளருமா ஏட்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் பெயரையும் அப்பா பெயரையும் விசாரித்தார். மறுநாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

தியாகு தனிப்பிரிவு ஏட்டு. யூனிஃபார்ம் போடமாட்டார், கட்டம்போட்ட சட்டைதான். யார் எங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு மேலே சொல்வதுதான் அவர் உத்தியோகம். யாழினிக்கு மறுபடி நாள் குறித்த வாரத்தில் அம்சத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாப்பாவுக்குக் காதுகுத்தாமே? சந்தோசம். எத்தனை பேரு வருவாங்க?"

"சமையக்காரரே இன்னும் கேக்கல. நீங்க கேக்குறீங்க."

"தாய்மாமன் சீரு உண்டா?"

"இல்லாமயா? ஐயனார் கோயில்லேருந்து வீடு வரைக்கும் தட்டு தூக்கிட்டு வருவாங்க."

"அது ஊர்வலம்."

"அது சீருங்க."

"ரோட்டுல வரிசையா நடந்தா ஊர்வலந்தான். சத்தம் போடுவாங்களா?"

"குலவை போடுவாங்க."

"அதுல வார்த்தை ஒண்ணும் வராதே?"

அம்சம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஊர்க் குலவையில வருமா ஏட்டையா?"

"எங்க வேதாரண்யத்துலயும் இதே குலவைதாம்மா. நான் மேல பதில் சொல்லணும்ல?" என்று குரலை இறக்கினார். "மேளம் வேண்டாம். சீரு வண்டியில வரட்டும்."

"எழுதிக் குடுங்க."

"இதெல்லாம் எழுத்துல வராது. வாய்வழிதான்."

வாய்ச்சொல்லால் கெட்ட குடும்பம்.  ஏட்டு மொபெட்டைக் கிளப்பப் போனவர், மறந்ததை நினைத்துக்கொண்டவர் போலத் திரும்பினார். "ஆமா, உன் தம்பி ஒரத்தநாட்டுல ரெண்டு வேன் பேசியிருக்கான். அங்க உங்களுக்கு யாரு சொந்தம்?"

யாரும் இல்லை. ஒரத்தநாட்டில் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

அந்த ஒரு கேள்வியோடு அவர் போய்விட்டார். கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. அன்று மாலையே உள்ளூர் மேளக்காரர் வந்து, காய்ச்சல், வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏட்டு அங்கேயும் போயிருக்கிறார் என்று தெரிந்தது. துரைராசுவிடம் சொன்னால் குதிப்பான் என்று நினைத்தாள். "மேளம் இல்லாமத்தான் நடக்கட்டுமேக்கா" என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். பிணை எழுதியபோது ஊரையே கூட்டிச் சண்டை போட்டவன் இவ்வளவு சுலபத்தில் அடங்குவானா? அடுத்த நாள் லியாகத் அலியின் மனைவி ஹமீதா பானு வழியில் பார்த்து, "நாங்களும் சீர் எடுத்துட்டு வர்றோம் அம்சம். எங்காளுங்க எல்லாரும்" என்றாள். எல்லாரும் என்றால் யார் யார்? குழாயால் நிலம் போனவர்கள் எல்லாருமா?

அம்சம் தம்பியைத் தேடி வயலுக்குப் போனாள். அவன் வாய்க்காலில் புல் அரித்துக்கொண்டிருந்தான்.

"உள்ளதைச் சொல்லு. காதுகுத்துன்னு ஆளைச் சேத்து கூட்டம் போடப்போறியா?"

அவன் நிமிர்ந்தான். "அந்தப் புள்ள காதை வச்சா நான் கூட்டம் போடுவேன்?"

"ஒரத்தநாட்டு வேன் எதுக்கு?"

"அது... வருது. அன்னிக்குப் பாரு."

"யாழினி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"ஏட்டு கேக்குற கேள்விய அப்படியே கேக்குற. அவரு மாதிரி ஒரு கட்டம்போட்ட சட்டையும் வாங்கி மாட்டிக்கக்கா" என்றான். சத்தியம் மட்டும் பண்ணவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த புருஷன் அய்யாவு, "சும்மா இரு அம்சம், அவன் அப்படியெல்லாம் செய்யமாட்டான்" என்றான். ஆனால் அவளுக்கு விசேஷத்தன்று நடக்கப்போவது கண்முன் தெரிந்தது. யாரோ கோஷம் போடுவார்கள், போலீஸ் வேன் வரும், தம்பியை ஏற்றுவார்கள், பிள்ளை மறுபடி மூளிக்காதோடு நிற்கும். விசேஷத்துக்கு முந்தின நாள் யாழினியைக் கூட்டிக்கொண்டு அவள் குடவாசலுக்குப் பஸ் ஏறினாள். காது முதலில் குத்தியாகட்டும். நாளைக்கு யார் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

பத்தர் கடையில் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டே, "நாளைக்கு ஊருக்கு வர்றதாத்தானே பேச்சு? மாமன் எங்கம்மா?" என்றார்.

"மாமனுக்கு வேலை. குத்துங்க."

அவருக்கு மனசில்லை. முனகிக்கொண்டே இடது காதைக் குத்தினார். யாழினி போட்ட கத்தலில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. வலது காதுக்குக் கை போனபோது பிள்ளை பத்தரின் விரலைக் கடித்துவிட்டுத் தெருவுக்கு ஓடியது. பிடித்து வந்தும் அடங்கவில்லை. "மத்ததை நாளைக்கு மாமன் மடியில வச்சே குத்திக்கலாம், போ தாயி" என்று அவர் விரலை உதறினார்.

மறுநாள் காலை ஐயனார் கோயில் பக்கமிருந்து தவில் சத்தம் கேட்டது. அம்சம் வாசலுக்கு ஓடினாள். தட்டுத் தூக்கிய பெண்கள், முன்னால் ஹமீதா பானு வளையல் தட்டோடு, அவர்களுக்கு முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் ஆடிக்கொண்டு வந்தன இரண்டு பொய்க்கால் குதிரைகள். உள்ளூர் மேளத்தை ஏட்டு எப்படியும் தடுப்பார் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு, ஏட்டின் கை எட்டாத ஒரத்தநாட்டிலிருந்து துரைராசு ஆள் பிடித்திருக்கிறான். ஒரு வேனில் மேளம், இன்னொன்றில் குதிரை. முன்கூட்டிச் சொன்னால் அதையும் தடுப்பார்கள் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். கொடி இல்லை, கோஷம் இல்லை. அவன் முகமெல்லாம் சிரிப்பு.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. உள்ளே இன்ஸ்பெக்டர். தியாகு இறங்கி வந்தார்.

"நேத்தே பத்தர் கடையில காது குத்தியாச்சாமே. அப்ப இங்க எதுக்குக் கூட்டம்?"

தவில் நின்றது. துரைராசு அக்காவைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை, அப்படியே தொங்கியது.

"விசேஷம் முடிஞ்சுபோச்சு. மேளத்தோட ஊர்வலம், அனுமதி கிடையாது. பிணையில இருக்குறவன் நீ. ஏறுப்பா ஜீப்புல."

அம்சத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஜனம் இங்கே நிற்பதற்கு இருந்த ஒரே நியாயம் யாழினியின் காது. அதைத்தான் அவள் நேற்றுப் போய்த் துளைத்துவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளையை இழுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, தலைமுடியை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள்.

"நல்லா பாத்துக்கங்கய்யா. ஒரு காதுதான் குத்தியிருக்கு. இன்னொண்ணு மாமன் மடியில."

"ஒரு காதுக்கா இத்தனை பேரு?" என்றார் தியாகு.

"அவங்க முழுப் புள்ளைக்கு வந்திருக்காங்க ஏட்டையா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. குதிரைக்காரர் ஒருவர், "நாங்க இறங்குறதா, ஆடுறதா? ஒண்ணு சொல்லுங்க, காலு வலிக்குது" என்றார். பெண்கள் சிலர் செல்போனை உயர்த்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். "குத்தட்டும். சாப்பிட்டதும் கலையணும். மேளம் கூடாது" என்று சொல்லி, ஏட்டை நிறுத்திவிட்டுப் போனார்.

துரைராசு பலகையில் உட்கார்ந்தான். யாழினி திமிறினாள். அவன் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பத்தர் குத்தி முடிக்கிறவரைக்கும் அக்கா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. குலவை எழுந்தது. தியாகு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்தியிலும் ஏட்டு உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். துரைராசு எதிர் வரிசையில் பேசாமல் சாப்பிட்டு, இலையை மூடினான். கை கழுவுகிற இடத்தில் அம்சம் அவனிடம் போனாள்.

"ஏட்டுக்கு யாருக்கா சொன்னது?"

"நான் சொல்லலடா. கடைத்தெருவுல புள்ள கத்துன கத்தலு. அவரு காதுக்குப் போகாம இருக்குமா?"

"ம்."

"நீ சத்தியம் பண்ணியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."

"நெசமாவே கூட்டம் போட்டிருக்கணும்க்கா. இவ்வளவு ஜனம், மேளம், குதிரை. நீயும் நம்பல, அவங்களும் நம்பல. கூட்டத்தைப் போட்டிருந்தா அதுக்காவது ஆயிருக்கும்."

 அம்சத்துக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். "அடுத்து எங்க கூடுறீங்கன்னு சொல்லு. என் கொத்துப் பொண்ணுங்களை எல்லாம் கூட்டிட்டு வர்றேன்."

துரைராசு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். பந்தியில் இன்னும் உட்கார்ந்திருந்த ஏட்டைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான், விதைநெல்லை அவள் பார்ப்பதுபோல.

"இன்னும் ஒண்ணும் முடிவாகலக்கா" என்றான்.

முடிவாகியிருக்கிறது என்பது அவனைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? எந்த இடம், எந்த நாள் என்பது இனி ஏட்டுக்குத் தெரிந்த பிறகுதான் தனக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது.